கண்ணாடிக் குழாய் வந்துவிட்டது, விற்றவர் எங்கே?

செல்போனில் 'ஹைட்ரோமீட்டர்' என்று தேடிப் பாருங்கள். ஒரே திரையில் நான்கு வகைக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்று, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டர். இன்னொன்று, பேட்டரி ஆசிட்டின் அடர்த்தி பார்ப்பது. அதன் அளவுகோல் 1.100-இல் தொடங்கி 1.300 வரை போகும். மூன்றாவது, காய்ச்சி வடித்த சாராயத்தில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆல்கஹால்மீட்டர். சர்க்கரை கலந்த எதில் போட்டாலும் இது தப்பாகத்தான் காட்டும். நான்காவதுதான் பழச்சாற்றிலும் புளிக்கவைத்த பானத்திலும் இனிப்பு எவ்வளவு என்று அளப்பது. அதன் அளவுகோல் ஏறக்குறைய 0.990 முதல் 1.160 வரை இருக்கும்.

நான்கும் பார்வைக்கு ஒரே அச்சு. விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. விற்பவர்களோ தலைப்பில் 'ஒயின், பியர், பால், பேட்டரி' என்று எல்லாப் பெயரையும் அடுக்கிவைத்துவிடுவார்கள். எதைத் தேடினாலும் தங்கள் சரக்கு கண்ணில் பட வேண்டுமே! வாங்குகிறவர் படத்தைப் பார்த்து வாங்கிவிடுவார். பார்சலைப் பிரித்த பிறகுதான் வம்பு தெரியும்.

வரதராஜன்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு ஜெராக்ஸ் எடுக்கிறானே என்று வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆதார் திருத்தம், பட்டா நகல், பஸ் டிக்கெட் என்று வந்துகொண்டிருந்தவர்கள், "தம்பி, இந்த சாமானக் கொஞ்சம் ஆன்லைன்ல போட்டுக் குடேன்" என்று கேட்க ஆரம்பித்த பிறகு அந்தப் படிப்புக்கும் வேலை வந்தது. எங்கள் பக்கம் சில கொரியர்கள் ஜெயங்கொண்டத்தோடு நின்றுவிடும். போய் எடுத்துவர வேண்டும். தப்பான சாமான் வந்தால் திருப்பி அனுப்ப மறுபடியும் போக வேண்டும். அதனால் பட்டனை அழுத்துவதற்கு முன்பே எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என் வழக்கம். "சாமான் வாங்க வந்தா வக்கீல் மாதிரி கேக்குறியே" என்று சலித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

வீட்டிலேயே பானம் தயாரிக்கும் கருவிகளுக்கு இந்தச் சின்ன ஊரில் ஆள் இருப்பதற்குக் காரணம் உண்டு. சுற்றிலும் முந்திரிக்காடு. மார்ச் முதல் மே வரை பழம் கொட்டும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே போட்டுவிடுவோம். மாடு தின்றது போக மீதி மக்கிப்போகும். ஊரில் பாதி வீட்டுக்கு வெளிநாட்டில் ஆள் இருக்கிறார். அங்கே பார்த்ததை இங்கே செய்து பார்க்க ஆசை. அலங்கார அன்னை கோயில் ஊர் என்பதால் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ரசம் போட வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எதற்கு வாங்குகிறீர்கள்?

விடுமுறைக்கு ஊர் வந்திருந்த ஒரு தம்பி. சிங்கப்பூரில் வேலை. செல்போனைக் காட்டினான்: மூடியில் குழாய் வைத்த பெரிய வாளி, ஈஸ்ட், மால்ட், ஹைட்ரோமீட்டர், எல்லாம் சேர்ந்த பியர் கிட்.

"அண்ணே, அங்க என் ரூம் மேட்டு இதுலதாண்ணே போடுவான். கேஸ் கீஸ் எதுவும் கிடையாது."

அவன் சொன்னது உண்மைதான். சிங்கப்பூரில் ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை சொந்தக் குடிப்புக்குப் பியரோ ஒயினோ புளிக்கவைக்கலாம். விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கக்கூடாது. பிரிட்டனில் 1963-லிருந்து வீட்டில் பியர் போட உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட சட்டப்படி, இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை மத்திய அரசு வரி கேட்பதில்லை. இணையத்தில் பார்க்கும் கிட்டுகளும் வீடியோக்களும் பெரும்பாலும் அந்த நாட்டு வாடிக்கையாளர்களை வைத்துத் தயாரானவை.

பார்சல் வந்து இறங்கப்போவது அரியலூர் மாவட்டத்தில். இங்கே செல்லுவது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி முதல்வராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் தொடங்கியது அது. "டாஸ்மாக் கடை திறந்து வெச்சிக்கிட்டு என்னாண்ணே மதுவிலக்கு?" என்று சிரித்தான். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அரசு 1983-இல் டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கியதும், 2003-இல் சில்லறைக் கடைகளைக் கையில் எடுத்ததும் அதே சட்டத்துக்குள் விதிவிலக்கு வைத்துத்தான். வீட்டில் குடிக்கப் போடுகிறவருக்கு அப்படி எந்த விதிவிலக்கும் இல்லை. சட்டத்தின் 4-ஆவது பிரிவு மது தயாரிப்பதை மட்டும் தடுக்கவில்லை. தயாரிப்பதற்காகப் பொருள், பாத்திரம், கருவி வைத்திருப்பதையும் குற்றம் என்கிறது. 2020 ஊரடங்கில் டாஸ்மாக் மூடியிருந்தபோது, யூடியூப் பார்த்துக் குக்கரில் சாராயம் காய்ச்சி மாட்டிக்கொண்டவர்களின் செய்தி அடிக்கடி வந்தது நினைவிருக்கலாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியான பிறகு சட்டம் இன்னும் இறுகிவிட்டது. கள்ளச் சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை உண்டு. அபராதம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. அங்கே ஆளைக் கொன்ற மெத்தனால், பழம் புளித்ததால் உண்டானது அல்ல; தொழிற்சாலைக்குப் போக வேண்டிய ரசாயனம். ஆனால் வீட்டு வாளிக்குத் தனிச் சலுகை என்று எதுவும் இல்லை.

"முந்திரிப் பழத்துல கோவாக்காரன் ஃபெனி காச்சுறானே" என்று அடுத்த கேள்வி வரும். கோவா ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அங்கே அதற்கு உரிமம் கொடுக்கிறார்கள். மது என்பது மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். கோவாவின் உரிமம் கோவா எல்லையோடு சரி.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் பக்கத்துத் தெரு அத்தை வருவார். "பூசைக்குச் சாமியாரு ரசம் வெக்கிறாரே, நான் வெச்சா மட்டும் குத்தமா?" பூசை ரசத்துக்குத் தனி விதிகளும் தனி உரிமமும் உண்டு என்று சொன்னால், "எல்லாத்துக்கும் ஒரு விதி வெச்சிருக்க நீ" என்பார். அவருக்கு நான் சொல்லும் வழி: திராட்சைச் சாற்றைப் பட்டை, கிராம்பு, ஏலக்காய் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளில் காலி பண்ணிவிடுங்கள். ஒயின் ஈஸ்ட் நான் ஆர்டர் போடுவதில்லை. இனிப்பு அளக்கும் கருவியோ ஜாடியோ தன்னளவில் குற்றம் அல்ல. எதற்காக வைத்திருக்கிறோம் என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. விற்பனைப் பக்கம் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்காது. வாங்குகிறவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

40 தெரியாத கருவி

இதே கருவிகள் முறையான வேலைக்கும் வேண்டியிருக்கின்றன. எங்கள் பகுதி மகளிர் குழு ஒன்று முந்திரிப் பழத்தில் ஸ்குவாஷ் செய்கிறது. பழச்சாறு தொண்டையைக் கரகரக்க வைக்கும். அதிலுள்ள டானின் அப்படி. ஜவ்வரிசிக் கஞ்சியை ஊற்றிக் கலக்கிவைத்தால் டானின் அடியில் படியும், தெளிந்த சாற்றை வடித்துக்கொள்ளலாம். ஸ்குவாஷ் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி சாறு 25 சதவீதமாவது இருக்க வேண்டும். கரைந்திருக்கும் திடப்பொருள், பெரும்பாலும் சர்க்கரை, 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இந்த 40-ஐத்தான் 'பிரிக்ஸ்' என்பார்கள். அதை அளக்க எளிய கருவி ரிஃப்ராக்டோமீட்டர். முனையிலுள்ள கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், நீலமும் வெள்ளையும் சேரும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு.

குழுவின் அக்கா ஒருவர், 0 முதல் 80 வரை அளக்கும் என்று போட்டிருந்த கருவியைத் தேர்ந்தெடுத்தார். சரியான தேர்வு. வந்த கருவியிலோ அளவுகோல் 32-உடன் முடிந்துவிட்டது. பியர், ஒயின் போடுகிறவர்களுக்கு 32 வரை போதும். அதனால் சந்தையில் அதுதான் மலிவாகக் கொட்டிக்கிடக்கிறது. ஸ்குவாஷை விட்டுப் பார்த்தால் வட்டம் முழுக்க வெள்ளை. கோட்டையே காணோம்.

திருப்பிக் கேட்டதற்கு விற்றவரிடமிருந்து வந்த பதில்: "சாம்பிள் விட்டுப் பார்த்துவிட்டீர்கள். பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்."

அக்கா சும்மா விடவில்லை. ஆர்டர் போட்ட அன்றே விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்திருந்தோம். அதில் 80 என்று இருந்தது. பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோவில் 32 என்று இருந்தது. இரண்டையும் சேர்த்து, அந்த ஆன்லைன் சந்தையின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பினோம். "விளம்பரத்தில் சொன்ன பொருள் இது இல்லை" என்பதுதான் புகாரின் முதல் வரி. மின்வணிக விதிகளின்படி பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்பதையும் கீழே எழுதினோம். பணம் திரும்பி வந்தது. 'பிடிக்கவில்லை', 'சரியில்லை' என்று எழுதியிருந்தால் இழுத்தடித்திருப்பார்கள்.

ஈஸ்ட், ஜாடி, வாயு

உலர்ந்த ஈஸ்ட் என்பது தூங்கிக்கொண்டிருக்கும் உயிர். கம்பெனி அடைத்த உறைக்குள் குளிர்ச்சியாக இருந்தால் ஓரிரு ஆண்டுகூடத் தாங்கும். சித்திரை வெயிலில் கொரியர் வண்டியில் கிடந்து வந்தால் என்ன கதியில் வரும் என்று சொல்ல முடியாது. இன்னொரு தொல்லை, சில்லறைக்காரர்கள் அரைக் கிலோ பாக்கெட்டைப் பிரித்துச் சின்னச் சின்ன ஜிப் கவரில் போட்டு விற்பது. பன்னுக்கோ ஆப்பத்துக்கோ வாங்கினாலும் தயாரிப்பாளர் ஒட்டிய உறை, தயாரித்த மாதம், காலாவதி தேதி, 14 இலக்க உணவு உரிம எண், நான்கும் இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள். வந்தவுடன் வெதுவெதுப்பான நீரில் சிட்டிகை சர்க்கரை போட்டு ஈஸ்டைத் தூவுங்கள். கால் மணி நேரத்தில் நுரைத்தால் உயிர் இருக்கிறது.

இணையத்தில் வாங்கும் உணவுப் பொருள் கைக்கு வரும்போது ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது காலாவதிக்கு 45 நாளாவது மீதி இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நிறுவனங்களிடம் சொல்லியிருக்கிறது. தேதி நெருங்கிய சரக்கைத் தள்ளிவிட்டிருந்தால் இதைச் சொல்லித் திருப்பலாம்.

கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி கொம்புச்சா போட ஜாடி கேட்டாள். இனிப்புத் தேநீரை ஒரு நுண்ணுயிர்ப் படலத்தால் புளிக்கவைக்கும் பானம் அது; கடைகளிலேயே விற்கிறது. ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் உணவு விதிப்படி அது மதுபானக் கணக்கில் போய்விடும். அவள் காட்டிய ஜாடி அழகாக இருந்தது. ரப்பர் வளையமும் கம்பிப் பூட்டும் போட்டு, காற்றுப் புகாமல் மூடிக்கொள்ளும் ரகம். நான் வேண்டாம் என்றேன்.

காரணம் வெறும் கணக்கு. 180 கிராம் குளுக்கோஸ் முழுதும் ஈஸ்டால் புளித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் வரும். 88 கிராம் வாயு என்பது அறை வெப்பத்தில் கிட்டத்தட்ட 50 லிட்டர் இடம் கேட்கும். அதில் சிறு பங்கு புளித்தால்கூட, போக வழியில்லாத வாயு ஜாடியையே உடைக்கும். அலங்கார ஜாடிகள் பல அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. கொம்புச்சாவுக்கு அகன்ற வாயுள்ள சாதாரணக் கண்ணாடி ஜாடியும் மேலே கட்ட வெள்ளைத் துணியும் போதும். காற்று வெளியே போகலாம், உள்ளே வரக்கூடாது என்றால்தான் 'ஏர்லாக்' வேண்டும்: தண்ணீர் நிற்கும் வளைந்த சின்னக் குழாய். அதைத் தனியாக வாங்கினால் கூடவே ரப்பர் அடைப்பானின் துளை அளவையும் பாருங்கள். அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் ஓரத்தில் காற்று ஒழுகும். பிளாஸ்டிக் வாளி என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருக்கிறதா, உணவுக்கு உகந்தது என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பெயிண்ட் வாளியைக் கழுவி அனுப்புகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

விற்பது யார்?

திரையில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும். அது பெரும்பாலும் சந்தைத் திடல் மட்டும்தான். சாமானை விற்பவர் உள்ளே கடை போட்டிருக்கும் வேறொருவர். 'விற்பவர்' என்று பொடி எழுத்தில் இருக்கும் பெயரைத் தட்டினால்தான் அவர் வெளியே வருவார். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், விற்பவரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்கின்றன. விலை, நிகர அளவு, எந்த நாட்டுத் தயாரிப்பு, இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் யார் என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும்.

ஜி.எஸ்.டி. எண் கிடைத்தால் நல்லது. அதில் 15 எழுத்து-எண்கள் இருக்கும். முதல் இரண்டு மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, மகாராஷ்டிரம் 27, டெல்லி 07. முகவரி சென்னை என்று போட்டுவிட்டு எண் 07-இல் தொடங்கினால் ஒரு போன் போட்டுக் கேட்பேன். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவான பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் வந்துவிடும். காசு கேட்க மாட்டார்கள்.

கண்ணாடிச் சாமான் என்றால் ஆர்டருக்கு முன்பே ஒரு கேள்வி அனுப்புவேன்: "ஹைட்ரோமீட்டரின் அளவுகோல் எதிலிருந்து எதுவரை? உடைந்து வந்தால் மாற்றித் தருவீர்களா?" பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் சொன்னால், "இதையே மெசேஜில் போடுங்க சார்" என்பேன். பதிலே சொல்லாத கடையில் வாங்குவதில்லை. சாமான் விற்கும் முன்பே பேசாதவர், விற்ற பிறகா பேசப்போகிறார்?

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைத்தான் படிப்பேன். அவர்கள்தான் படம் போட்டு, என்ன கோளாறு என்று எழுதுவார்கள். 'இன்னும் 2 மட்டுமே மிச்சம்', '10 நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்பதற்கெல்லாம் அவசரப்படுவதில்லை. இப்படிப் பொய் அவசரம் காட்டுவது, கேட்காத சாமானைக் கூடையில் நுழைப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைக் கூட்டுவது உள்ளிட்ட 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது.

புதுக் கடை என்றால் பொருளைக் கையில் வாங்கிப் பணம் கொடுக்கும் முறைதான் எனக்குச் சரி. வாட்ஸப்பில் மட்டும் விற்பவர், முழுப் பணத்தையும் முன்கூட்டி ஜி-பே பண்ணச் சொன்னால், அவரிடம் வாங்காமலிருப்பதே லாபம். அப்படி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு.

டெல்லிக்காரர் மீது அரியலூரில் வழக்கு

"விக்கிறவன் டெல்லியில இருக்கான், நாம எங்க போயி கேக்குறது?" என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தலைகீழாக மாற்றிவிட்டது. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டெல்லிக்காரர்தான் அரியலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வழக்குக்கு முன் இரண்டு படிகள் உண்டு. முதலில் சந்தை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர்: புகார் வந்தது என்று 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பெரும்பாலான சின்னச் சிக்கல்கள் இந்த இரண்டில் ஒன்றில் முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணையம் வழியாகவே மனு கொடுக்கலாம். சிக்கல் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

எந்தப் படியிலும் கேட்கப்போவது ஒன்றைத்தான்: ஆதாரம் இருக்கிறதா? விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பேசிய மெசேஜ், மேல் லேபிள் தெரியும்படி வெட்டாமல் எடுத்த பிரிப்பு வீடியோ. விற்பனைப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் அவர்கள் மாற்றலாம். உங்கள் போனிலிருக்கும் ஸ்கிரீன்ஷாட்டை மாற்ற முடியாது. அந்த மகளிர் குழு அக்கா இப்போது பத்து ரூபாய் வடிகட்டிக்குக்கூட ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்.

மார்ச்சில் பழம் விழத் தொடங்கும்போது எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். தப்பான கருவி வந்தால் மாற்றி வாங்கும் முன் சீசன் முடிந்துவிடும். ஸ்குவாஷ் போட நினைப்பவர்கள் பொங்கல் முடிந்த கையோடு வாங்குங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் வந்த அன்றே வடித்த நீரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கோடு 0-வில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கூடவே வரும் சின்ன ஸ்குரூ டிரைவரால் திருகிச் சரிசெய்யுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் பெட்டியை மூடி என் கடைக்கு எடுத்து வாருங்கள், புகாரை எழுதிவிடலாம்.